மலை ஏறிய மருதம்

"சேர், இந்த வயலையெல்லாம் எந்த ராஜா கட்டினாரு?"

தரம் பத்தில் படிக்கும் மாணவன் ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். இராகலையிலிருந்து வலப்பனைக்கு இறங்கும் வீதியில், ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அது. மாசி மாதம். மலையின் இடுப்பிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை பச்சைப் படிக்கட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. சில படிகள் ஒரு பாய் விரிக்கும் அகலம். சில ஒரு கோயில் வீதி அளவு. ஒவ்வொரு படியிலும் முழங்கால் உயரத்துக்கு நெல் நின்றது. எங்கிருந்தோ தண்ணீர் விழும் ஓசை மட்டும் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவனுடைய கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. கலாவாவியைக் கட்டியவன் தாதுசேனன், பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டியவன் பராக்கிரமபாகு என்று பாடப்புத்தகம் அவனுக்குச் சொல்லியிருக்கிறது. பெரிய வேலை என்றால் அதன் பின்னால் ஒரு மன்னன் நிற்பான் என்பது அவன் படித்த பாடம். எனக்கும் அதே பாடந்தான் சொல்லித்தரப்பட்டது. அன்று தொடங்கிய யோசனையையே நேயர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நான் மலையகத்தில் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். ஐந்திணை பற்றிய பாடம் நடத்தும்போது, குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும், மருதம் என்றால் வயலும் வயல் சார்ந்த இடமும் என்று ஒப்புவிக்க என் மாணவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களிற் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தவர்கள். தினமும் சோறு உண்கிறார்கள். நெல் நிற்கும் நிலத்திற் காலை வைத்தவர்கள் வகுப்பில் நாலைந்து பேர்தான். மருதத்தைக் கண்ணாற் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தில், ஒரு சனிக்கிழமை அதிகாலை, ரொட்டியும் சம்பலும் பொதி கட்டிக்கொண்டு, வேறு இரண்டு ஆசிரியர்களின் துணையோடு புறப்பட்டோம். காலையிற் போய் மாலையில் திரும்பும் பயணந்தான்.

6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவை விட்டுக் கந்தப்பளை வழியாக இராகலை வரும்வரை வழியெல்லாம் தேயிலையும் மரக்கறித் தோட்டங்களுமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து இந்த வழியாக இராகலை வரை ஒரு சிறிய புகையிரதம் ஓடியது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றி இறக்கிய அந்தப் பாதை இன்று இல்லை. இராகலையைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் காற்றின் குளிர் குறைகிறது, தேயிலை விலகுகிறது, கித்துல், பலா, பாக்கு மரங்கள் தோன்றுகின்றன. அவற்றின் நடுவிலேதான் அந்தப் படிக்கட்டு வயல்கள். சிங்கள மக்கள் அவற்றை 'ஹெல்மலு' வயல்கள் என்கிறார்கள்.

தமிழிலக்கண மரபில் மலைக்கு உரிய தானியம் தினை. மருதத்துக்கு உரியது நெல். மலையிலே விளைந்த ஐவன நெல்லைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பேசும். ஆனால் அது நீர் கட்டி விளைவித்த நெல் அன்று. கபிலர் பறம்பு மலையைப் பாடும்போது, உழவர் உழாமலே மூங்கிலரிசியும் பலாவும் கிழங்கும் தேனும் அங்கே கிடைக்கும் என்று பெருமைப்படுகிறார். உழாமல் உண்பது மலையின் வளம் என்பது அவர் கண்ட காட்சி. வலப்பனையிற் கண்டதோ அதற்கு நேர்மாறு. இங்கே மலையையே உழுதிருக்கிறார்கள். ஒரு நிலத்தின் பொருள் இன்னொரு நிலத்திற் கலந்து வருவதைத் திணைமயக்கம் என்று தொல்காப்பிய மரபு ஏற்றுக்கொள்ளும். அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இதைக் கட்டியவர் யார்?

இந்த வயல்களைப் பற்றி எழுத்திலே விரிவாகச் சொன்னவர்களுள் ஒருவன் ஓர் ஆங்கிலேயக் கைதி. றொபேட் நொக்ஸ் என்பது அவன் பெயர். 1660ஆம் ஆண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கரையிறங்கி, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டவன். ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தான். 1679இல் அனுராதபுரக் காடுகளூடாக நடந்து, மன்னார்க் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினான். 1681இல் அவன் நூல் இலண்டனில் வெளிவந்தது.

நொக்ஸ் வயலைத் தூரத்தில் நின்று பார்த்தவன் அல்லன். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கடன் கொடுத்தும் பிழைத்தவன். ஆகவே எந்த வயல் எப்போது விளையும் என்பது அவனுடைய வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட விடயம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி, 3 அடியிலிருந்து 8 அடி வரை அகலமான ஒடுங்கிய தட்டுகளாக, மலைமேல் ஏறும் படிகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்திருக்கிறார்கள் என்று அவன் எழுதுகிறான். உச்சியிலிருந்து வரும் நீர் முதலில் மேல் வயலுக்குப் பாய்ந்து, அங்கிருந்து படிப்படியாகக் கீழ் வயல்களுக்கு இறங்குவதையும் சொல்கிறான். 7 மாதத்தில் விளையும் நெல் முதல் 3 மாதத்தில் விளையும் நெல் வரை பல இனங்கள் இருந்தன. கிடைக்கும் நீரின் அளவை எண்ணியே எந்த நெல்லை விதைப்பது என்று தீர்மானித்தார்களாம். இவை அவன் காலத்திலேயே நன்கு ஊறிப்போன வழக்கங்கள். அப்படியானால் இந்தப் படிகள் அவனுக்கும் மிக முந்தியவை என்று கொள்ளவேண்டும். ஆயினும் அவன் நூலிலும் கட்டியவன் பெயர் இல்லை.

அந்தப் பெயரைத் தேடி நாங்கள் வயலுக்குள் இறங்கினோம். வரம்பிலே மண் பூசிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நிமிர்ந்தார். எழுபதைத் தாண்டிய வயது. "மாத்தயா, பிள்ளைகளைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். வரம்பு உடைந்தால் கீழே பத்துப் பேருடைய வயல் போகும்" என்று சிங்களத்திற் சொன்னார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த முதலாவது பாடம். பிள்ளைகள் அவரைச் 'சீயா' என்று அழைத்து நெருங்கிவிட்டார்கள். சீயா என்றால் தாத்தா.

அவர் விளக்கியது இதுதான். மேலே காட்டுக்குள் ஊற்று. அங்கிருந்து மலையின் வளைவைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால், மிக மெல்லிய சரிவில் வரும். சரிவு கூடினால் மண்ணை அரிக்கும். குறைந்தால் நீர் நகராது. முதலாவது தட்டில் நீர் நிறைந்ததும் வரம்பிலே வெட்டிய வாயால் அடுத்த தட்டுக்கு இறங்கும். அந்த வாய்க்கு அவர் சொன்ன பெயர் 'வக்கட'. மட்டக்களப்பு வயல்களில் நம்மவர் 'வக்கடை' என்று சொல்வது நினைவுக்கு வந்தது. இரண்டு மொழிக்கும் ஒரே வாய்.

மேற்றட்டுகளில் எருமை திரும்ப இடமில்லை, அங்கே மண்வெட்டிதான். அகன்ற கீழ்த்தட்டுகளுக்கு இப்போது கை உழவு இயந்திரம் வருகிறது. நாற்று நடவும் அறுவடைக்கும் ஒருவருக்கொருவர் கூலி இல்லாமல் ஆள்முறை வைத்து உதவுவார்கள். அதற்கு 'அத்தம்' என்று பெயர். மேல் வயற்காரன் வக்கடையை அடைத்துவிட்டால் கீழ் வயற்காரன் பட்டினி. கீழ் வயற்காரன் வரம்பைப் பேணாவிட்டால் மேல் வயல் சரிந்து அவன் தலையில் விழும். ஆகவே ஒருவரை ஒருவர் பகைத்துக்கொண்டு இங்கே ஒரு போகம்கூடச் செய்ய முடியாது.

என் மாணவனின் கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். சிரித்தார். "ராஜாவா? ராஜாவுக்கு இங்கே ஏற மூச்சு வாங்கும்" என்றார். பிறகு, "என் அப்பா ஒரு தட்டு வெட்டினார். அது அதோ" என்று கையைக் காட்டினார். அவர் காட்டிய தட்டு ஒரு வீட்டு முற்றத்தைவிடப் பெரிதாக இல்லை. அதை வெட்டிக் கல் அடுக்கி முடிக்க மூன்று வருடம் சென்றதாம்.

பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் தொடர்ந்து சொன்னார்: "ஆனாலும் இந்த வயல் நெடுநாள் எங்களுடையதாக இருக்கவில்லை. சீயாவின் அப்பா காலத்தில் வரிக்காக ஏலத்தில் விற்றுவிட்டார்கள். பிறகு எங்கள் வயலிலேயே நாங்கள் அந்தேக்குச் செய்தோம்." அந்தே என்பது அரைவாரம், விளைச்சலிற் பாதி காணிக்காரனுக்கு.

அந்த ஒரு வசனத்துக்குள் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கியிருக்கிறது. அதைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

1815இல் கண்டிச் சீமை பிரித்தானியர் கைக்கு மாறியது. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லச, வலப்பனைப் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை அடக்க வந்த படைகள் ஊர்களையும் நெற்களஞ்சியங்களையும் எரித்தன. கெப்பெட்டிபொலவின் தலை 1818 நவம்பரில் வெட்டப்பட்டது. அதே மாதம் 21ஆம் திகதி வெளிவந்த பிரகடனம் நெல் விளைச்சலிற் பத்தில் ஒரு பங்கை அரசுக்கு வரியாக்கியது. விசுவாசமாக இருந்த பகுதிகளுக்குப் பதினான்கில் ஒன்று. கிளர்ச்சி செய்தோரிடமிருந்து பறித்துத் திருப்பிக் கொடுத்த காணிகளுக்கு ஐந்தில் ஒன்று. நெல்லைக்கொண்டே மக்களின் விசுவாசத்தை அளந்தார்கள் எனலாம்.

1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியமுறை ஒழிக்கப்பட்டது. அது நல்ல காரியமே. ஆனால் அம்முறையோடு ஒட்டியிருந்த அணை, வாய்க்கால் பராமரிப்புப் பணிகளும் பல இடங்களிற் கைவிடப்பட்டன. வயற்காரர் கூடி முடிவெடுக்கும் பழைய வழக்கத்துக்குச் சட்ட வலுக்கொடுக்க 1856இல் தேசாதிபதி ஹென்றி வோட் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்பது அதன் சாரம். கிராமத்தவர் சேனைப்பயிர் செய்த நிலமும், மாடு மேய்த்த நிலமும், வாய்க்காலுக்கு ஊற்றுக் கொடுத்த காடும் இவ்வாறு முடிக்குச் சொந்தமாகி, கோப்பித் தோட்டங்களாக விலைபோயின. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் தமிழகத்திலிருந்து எம் மூதாதையர் மன்னார்க் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்துவந்தார்கள். வழியில் மாண்டவர் பலர்.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொடி போன்ற ஒரு நோய் தென்பட்டது. பதினைந்து இருபது ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். வலப்பனைக்கு அயலிலுள்ள ஹேவாஹெட்டவின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். ஆனால் வீட்டு வளவிற் சில கோப்பி மரம் வைத்து, அதை விற்ற காசில் வரி கட்டிவந்த கிராமத்தவனுக்கு மாறிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

அந்த வேளையிலேதான் 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தானியவரிக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விளைச்சலில் ஒரு பங்கு என்பது போய், ஆண்டுதோறும் இவ்வளவு காசு என்று ஆயிற்று. மழை பெய்தாலும் பொய்த்தாலும் காசு கட்டவேண்டும். கட்டாவிட்டால் வயல் ஏலத்தில் விற்கப்படும். 1880களின் முற்பகுதியில் வலப்பனையில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வயல்கள், வரிப்பாக்கியான சில்லறைத் தொகைகளுக்காக ஏலம் போயின. வயலை இழந்தவர்கள் பசியால் மடிந்தார்கள், ஊரைவிட்டுப் போனார்கள்.

இதை வெளிக்கொண்டுவந்தவர் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரே. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர், தம் பிரிவில் நடந்ததை அறிக்கையிட்டு மேலிடத்தைச் சங்கடப்படுத்தினார். தோட்டத்துரைமார் சங்கத்தின் தலைவராக ஒரு காலத்தில் இருந்த ஜோர்ஜ் வோல் என்பவரும் நெல்வரிக்கு எதிராக ஓயாது எழுதினார். இங்கிலாந்திலும் கண்டனம் எழுந்தது. ஈற்றில் 1892இல், தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில், அந்த வரி ஒழிக்கப்பட்டது. ஆனால் விற்கப்பட்ட வயல்கள் திரும்பி வரவில்லை. சீயாவின் குடும்பம் தன் வயலிலேயே அரைவாரத்துக்குக் குனிந்து நாற்று நட்டது. 1958இல் வயற்காணிச் சட்டம் வந்து குத்தகையாளருக்குப் பாதுகாப்புக் கொடுத்த பின்புதான் நிமிர்ந்ததாக அவர் சொன்னார்.

நான் இவற்றையெல்லாம் மாணவர்களுக்கு மொழிபெயர்த்தும் விளக்கியும் முடித்தபோது, ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப, சீயாட வயலு போனதுக்கு நம்ம ஆளுங்கதான் காரணமா சேர்?"

இந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் சிறுவயதில் தோட்டத்துக்குக் கீழேயிருந்த கிராமத்துச் சிறுவர்கள், "நீங்கள் வந்துதான் எங்கள் காணி போனது" என்று சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக என் பாட்டி, "நாம காட்டை வெட்டாட்டி இந்த நாட்டுல என்னா இருந்திருக்கும்?" என்பாள். இரண்டையும் நான் நம்பியிருக்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்ததில்லை.

அவளுக்கு நான் சொன்ன பதில் இது. காட்டை வெட்டிய கை நம்முடையதுதான்; அதை மறைக்கவேண்டாம். வெட்டச் சொன்ன சட்டம் நம்முடையது அன்று. வெட்டிய நிலத்தில் ஒரு முழமும் நமக்கு வரவில்லை. இன்னொன்றையும் சொன்னேன். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளிக்குக் கொடுத்த அரிசி கப்பலில் வந்த அரிசி. அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. அந்த அரிசிக்கும் அரசாங்கம் தீர்வை வாங்கியது. 1892இல் உள்ளூர் நெல்வரி நீங்கிய பின்னும் இறக்குமதித் தீர்வை நீங்கவில்லை. ஆக, கீழே நெல் விளைவித்தவனுடைய கலயத்திலும், மேலே கோப்பியும் தேயிலையும் நட்டவனுடைய கலயத்திலும் கைவிட்டது ஒரே கை. ஒருவரை ஒருவர் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டு இரு பகுதியாரும் அந்தக் கையைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

பிற்காலத்தில் இருவர் குறையும் வெவ்வேறு கடதாசிகளில் எழுதப்பட்டது. கண்டிய விவசாயிகளின் நிலையை ஆராய ஓர் ஆணைக்குழு அமைந்து 1951இல் அறிக்கை வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. என் பாட்டி 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இந்நாட்டுப் பிரசை என்ற கடதாசியைக் கையில் வாங்கினாள். அவள் பெயரில் வீடோ நிலமோ இருந்ததில்லை. சீயாவின் வரலாறு வயலை இழந்த வரலாறு. எங்களுடையது இழப்பதற்கே வயல் இல்லாத வரலாறு.

அந்தப் பள்ளத்தாக்கிலே இப்போது பல மேற்றட்டுகள் புல் மண்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் நெல்லுக்குப் பதில் போஞ்சியும் தக்காளியும் நிற்கின்றன. கூலிக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். நெல்லில் இலாபமில்லை என்றார் சீயா. 2007 தை மாதத்தில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தயிலும் மலை சரிந்து உயிர்கள் பலியானதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நீரை அடக்கிப் படிப்படியாக இறக்கிவிடும் ஒரு வயலைக் கைவிடும்போது, ஒரு காவற்காரனை வேலையிலிருந்து நிறுத்துகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒளவை ஒரு மன்னனை வாழ்த்த வந்தபோது அவன் கோட்டையையோ கொடியையோ பாடாமல் வரம்பைப் பாடினாள் என்ற கதையை வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதன் பொருள் அன்று அந்த வரம்பில் நின்றபோதுதான் எனக்கே விளங்கியது.

மாலை நான்கு மணியளவிற் புறப்பட ஆயத்தமானோம். கேள்வி கேட்ட மாணவனைக் காணவில்லை. தேடினால், காற்சட்டையை மடித்துவிட்டுச் சீயாவோடு சேற்றில் நின்றான். பிள்ளைகள் மிதித்ததிற் சற்றுச் சரிந்திருந்த ஒரு வரம்பை இருவருமாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குச் சிங்களம் அரைகுறை. சீயாவுக்குத் தமிழ் இரண்டு மூன்று சொல். வேலைக்கு அது போதுமாயிருந்தது.

பஸ்ஸில் ஏறும்போது அவனிடம் கேட்டேன்: "இப்ப சொல்லு, யார் கட்டினது?"

சேறு காயாத கையைப் பார்த்துக்கொண்டே, "நெறையப் பேரு சேர். இன்னும் கட்டி முடியல" என்றான்.

அடுத்த தவணையில் ஐந்திணைப் பாடத்தை அவனைக்கொண்டே தொடங்கிவைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.